வரப்போகும் வண்டி எது?

பெரிய அப்டேட் எதுவானாலும் அதற்கு முன்னால் வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டில் ஒரு முன்னோட்டக் காணொளி வரும். புகை, தூசி, பின்னணியில் தடதடவென்று இசை. நடுவே ஒரு டாங்கியின் கீழ்ப்பகுதி மட்டும் கண்சிமிட்டும் நேரம் தெரிந்து மறையும். சாதாரண ஆட்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சக்கரங்களை எண்ணுவோம்.

சிரிக்க வேண்டாம், சக்கரம் நிறையச் சொல்லும். ஒரு பக்கத்தில் ஐந்து சக்கரங்கள் இருந்து, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் இடைவெளி அகலமாக இருந்தால் சோவியத் டாங்கியான டி-55 வகையறா. அதே ஐந்துதான், ஆனால் அகலமான இடைவெளிகள் பின்பக்கம் என்றால் டி-62. ஆறு பெரிய சக்கரங்கள் சீராக நின்றால் டி-72, இல்லையென்றால் அதன் வழிவந்த டி-90. ஆறும் பொடிசாகத் தெரிந்தால் டி-64. ஆறுக்கும் நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லாமல் கூடியும் குறைந்தும் வந்தால் டி-80. ஏழு என்றால் ஜெர்மனியின் லெப்பர்ட் அல்லது அமெரிக்காவின் ஆப்ராம்ஸ். சேலஞ்சர் 2, லெக்ளெர், மெர்கவா மூன்றுக்கும் ஆறு. ஜப்பானின் டைப் 10-க்கு ஐந்தே ஐந்து. மேல்பாதி முழுக்கத் தூசியில் மறைந்திருந்தாலும் இதை வைத்தே பாதி ஊகத்தை முடித்துவிடலாம்.

குழல் தெரிந்துவிட்டால் இன்னும் வசதி. லெப்பர்ட் 2-இல் இரண்டு நீளத்தில் குழல்கள் உண்டு. வாய் விட்டம் இரண்டுக்கும் 120 மில்லிமீட்டர்தான். பழைய குழலின் நீளம் அதைப்போல 44 மடங்கு, புதியது 55 மடங்கு. பெருக்கிப் பார்த்தால் 5.28 மீட்டர், 6.6 மீட்டர். ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வித்தியாசம். முன்விளிம்பைத் தாண்டிக் குழல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாலே 2ஏ5-ஆ 2ஏ6-ஆ என்று சொல்லிவிடலாம். விமானம் என்றால் வாலைப் பார்க்க வேண்டும். மிக்-29, சுகோய்-27 இரண்டும் தூரத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சுகோய்க்கு மட்டும் இரண்டு இன்ஜின்களுக்கும் நடுவிலிருந்து தேள்கொடுக்கு மாதிரி ஒன்று பின்னால் நீண்டிருக்கும். அது தெரிந்த நொடியில் விவாதம் முடிந்தது.

இந்த அடையாளம் காணும் வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை ஊகம் என்று சொல்ல மாட்டேன். தயாரித்தவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதைக் கொஞ்சம் முன்கூட்டித் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். விளையாட்டின் கோப்புகளைத் தோண்டிப் பார்ப்பவர்களும் அந்த வகைதான். ஒவ்வொரு வண்டிக்கும் உள்ளே ஒரு கோப்புப் பெயர் இருக்கும், முன்னால் நாட்டின் சுருக்கம் ஒட்டியிருக்கும். புதிதாக ஒரு பெயர் தலைகாட்டினால் அன்று முழுக்க அதே பேச்சு. திறமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் சுவாரசியம் கம்மி.

உண்மையான ஊகம் என்பது கோப்பும் காணொளியும் எதுவும் இல்லாத காலத்தில், இரண்டு அப்டேட்டுகளுக்கு நடுவே உள்ள வறட்சியில் நடப்பது. அதில் பெரும்பாலோர் செய்வது என்னவென்றால், உலகத்தில் என்னென்ன ஆயுதங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு, அதில் தனக்குப் பிடித்ததைச் சொல்வது. ரஷ்யாவின் அர்மாட்டா டாங்கி வரும், அமெரிக்காவின் ராப்டர் விமானம் வரும், அந்த நாட்டின் புது டாங்கி வரும். என் கட்சி வேறு. உலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. இந்த விளையாட்டுக்குள் யாருக்கு எதிரி இல்லை, யாரிடம் ஓட்டை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி அந்த ஓட்டையை அடைக்கத்தான் வருகிறது.

அதற்கு முன்னால் "ஒருபோதும் வராது" கட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர்களும் எங்கள் கூட்டத்தின் நிரந்தர உறுப்பினர்கள்தான். 2012 நவம்பரில் இந்த விளையாட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது அது விமான விளையாட்டு. டாங்கிகள் 2014-இல் வந்தன. இரண்டாம் உலகப்போர், அதற்குப் பின் கொரியப் போர்க் காலம், அத்தோடு கோடு போட்டுவிடுவார்கள் என்று பலர் நம்பினார்கள். வழிகாட்டும் ஏவுகணை வந்தால் விளையாட்டு செத்துவிடும் என்றார்கள். வந்தது. 2018-இல் ஹெலிகாப்டர்கள் வந்தன, கோப்ராவும் மி-24-உம் மரங்களுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன. அதே வருடம் டிசம்பரில் ஒலியின் வேகத்தைத் தாண்டும் போர்விமானங்கள் வந்தன, அந்த அப்டேட்டுக்கே 'சூப்பர்சோனிக்' என்றுதான் பெயர். 2022 ஜூனில் எஃப்-14 வந்தது. அதே வருடம் டிசம்பரில் எஃப்-16. ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் யமாட்டோவை இந்த விளையாட்டின் கடலில் மிதக்கவே விட முடியாது என்று அடித்துச் சொன்னவர்கள் உண்டு. 2025 ஜூனில் யமாட்டோ, ஐயோவா, பிஸ்மார்க் எல்லாம் சேர்ந்து வந்து இறங்கின.

ஆக, "வராது" என்பதை நான் கணிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. எப்போது, எதோடு சேர்ந்து என்பதுதான் கேள்வி.

மேலே சொன்ன வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். 2022 டிசம்பரில் எஃப்-16 தனியாக வரவில்லை, மிக்-29-உம் கூடவே வந்தது. 2023 டிசம்பரில் எஃப்-15 வந்தது, பக்கத்திலேயே சுகோய்-27. அந்த மூன்று பெரிய போர்க்கப்பல்களும் ஒரே நாளில் வந்தன. 2024 ஜூனில், கடைசி கட்டத்தில் தானே ரேடாரைப் போட்டு இலக்கைத் துரத்தும் ஏவுகணைகள் வந்தபோது அமெரிக்கர்களுக்கு ஆம்ராம், ரஷ்யர்களுக்கு ஆர்-77 என்று இருபக்கமும் கொடுத்தார்கள். எதிரி தயாராகும்வரை வண்டி கொட்டகைக்குள்ளேயே இருக்கும். ஒரு விமானத்தின் முப்பரிமாண மாதிரி தயாராகிவிட்டதா என்று கேட்பதைவிட, அதைச் சுடக்கூடியவன் தயாராகிவிட்டானா என்று கேட்பது நல்ல கேள்வி.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் உள்கட்டமைப்பிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக. ஒவ்வொரு வண்டிக்கும் பிஆர் (பேட்டில் ரேட்டிங், அதாவது சண்டைத் தரம்) என்று ஓர் எண் உண்டு. 1.0, 1.3, 1.7, 2.0 என்று படிப்படியாக ஏறும். நீங்கள் எடுத்துப்போகும் வண்டிகளில் உயர்ந்தது 6.7 என்றால், எதிரே 7.7 வரை வரலாம். நல்ல நேரம் இருந்தால் நீங்களே அந்த ஆட்டத்தின் பெரிய ஆளாகவும் இருக்கலாம். உச்சியில் இருக்கிற வண்டிக்கு மட்டும் மேலே யாரும் கிடையாது. அதனால் உச்சியில் ஒரு நாட்டுக்கு மட்டும் ஒரு புது வண்டியைக் கொடுத்தால், மற்ற நாட்டுக்காரர்கள் எல்லோரும் அதற்குப் பலியாடுகள். அவர்கள் ஆட வரமாட்டார்கள். ஆள் வராவிட்டால் அந்தப் புது வண்டிக்கும் ஆட்டம் கிடைக்காது.

இங்கே ஒருவர் எஃப்-14-ஐக் காட்டி என்னை மடக்கலாம். நியாயம்தான். டாம்கேட் என்று அழைக்கப்படும் அந்த எஃப்-14 வந்தபோது அதன் ஃபீனிக்ஸ் ஏவுகணைக்கு நிகரானது எதிர்ப்பக்கம் யாரிடமும் இல்லை. நிஜத்தில் அது 160 கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிக்கக்கூடியது. அப்படியென்றால் என் கட்சி அம்போவா? இல்லை. ஃபீனிக்ஸ் கிட்டத்தட்ட 450 கிலோ எடையுள்ள ராட்சத ஏவுகணை. கடற்படைக் கப்பல்களை நோக்கி உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானங்களைத் தொலைவிலேயே தடுக்கச் செய்யப்பட்டது. வார் தண்டரில் யார் உயரத்தில் நேராகப் பறக்கிறார்கள்? எல்லோரும் மரக்கிளையை உரசிக்கொண்டு தரையோடு தரையாகப் போகிறவர்கள். எச்சரிக்கை ஒலித்ததும் வெடுக்கென்று திரும்பிவிடுவார்கள். ஆரம்பத்தில் விவரம் தெரியாதவர்கள் நிறைய விழுந்தார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள். எதிரியின் வேலையை நிலப்பரப்பே செய்துகொடுத்தது. அதனால்தான் அந்த விமானம் துணையில்லாமல் வர முடிந்தது என்பது என் வாதம்.

ஓட்டை பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு இதைவிட நல்ல சாட்சி காகித வண்டிகள். வரைபடத்தில் மட்டும் இருந்த, அல்லது அரைகுறையாகச் செய்து கைவிடப்பட்ட வண்டிகளை நாங்கள் அப்படிச் சொல்வோம். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற போட்டி விளையாட்டு இந்த விஷயத்தில் தாராள மனசு, வரைபடம் இருந்தால் போதும், சில சமயம் அதுகூட வேண்டாம். வார் தண்டர் பக்கம் "நிஜத்தில் இருந்திருக்க வேண்டும்" என்பது கிட்டத்தட்ட மதக்கோட்பாடு. 2019-இல் ஜெர்மன் வரிசையிலிருந்து பாந்தர் 2, 10.5 செ.மீ. பீரங்கி வைத்த டைகர் 2, கோலியன் என்ற விமான எதிர்ப்பு வண்டி ஆகியவற்றை, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் விட்டுவிட்டு, மற்றவர்கள் இனி ஆராய்ச்சி செய்து, அதாவது ஆடிப் புள்ளி சேர்த்து, எடுக்க முடியாதபடி நீக்கினார்கள். பாந்தர் 2-க்கு அடிப்பகுதி மட்டும்தான் செய்யப்பட்டது. 88 மி.மீ. பீரங்கியோடு விளையாட்டில் ஓடிய அந்த உருவம் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்ததில்லை. கோலியன் மர மாதிரியைத் தாண்டவில்லை.

இவ்வளவு கறாராக இருப்பவர்கள், சோவியத் கடற்படைக்கு க்ரோன்ஷ்டாட்டைக் கொடுத்தார்கள். அது 1939-இல் அடித்தளம் போடப்பட்டு, முடிக்கப்படாமலே உடைக்கப்பட்ட கப்பல். அப்புறம் சோவெத்ஸ்கி சோயூஸையும் கொடுத்தார்கள். 1938-இல் தொடங்கியது, அதுவும் கடலைப் பார்க்கவில்லை. ஜப்பானுக்கு ஆர்2ஒய்2 என்று ஜெட் விமானங்கள். அந்த விமானத்தின் காற்றாடி வடிவம் 1945-இல் பறந்தது உண்மை, ஜெட் வடிவம் செய்யப்படவே இல்லை. இது என்ன நியாயம் என்று கேட்டுக் கத்தியவர்கள் ஏராளம். எதிரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், விடை வந்துவிடும். முடித்துக் கடலில் விட்ட சோவியத் போர்க்கப்பல்கள் எல்லாம் முதல் உலகப்போர்க் காலத்து ஆட்கள். ஐயோவாவுக்கு எதிரே அவற்றை நிறுத்தினால் அது போராக இருக்காது. போர்க்காலத்து ஜப்பானிடம் சொந்த ஜெட் என்று கிக்கா இருந்தது, அது 1945 ஆகஸ்டில்தான் முதன்முதலாகப் பறந்தது, அதோடு போர் முடிந்துவிட்டது. ஜெர்மனிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாந்தர் 2 இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் நிறுத்த நிஜ டாங்கிகள் இருந்தன. நிஜம் என்ற விதி ஓட்டை இல்லாத இடத்தில் மட்டும்தான் கறாராகச் செல்லுபடியாகிறது.

இதே கணக்குதான் துணை நாடுகளின் வருகையையும் விளக்குகிறது. இத்தாலிக்கு உச்சியில் நல்ல டாங்கி வேண்டும் என்று வருடக்கணக்கில் புலம்பல். 2023-இல் ஹங்கேரியை இத்தாலிய வரிசைக்குள் கொண்டுவந்தார்கள், ஹங்கேரியின் லெப்பர்ட் 2ஏ7 இத்தாலிக்காரர்கள் கைக்கு வந்தது. பிரிட்டனுக்குத் தென்னாப்பிரிக்கா, ஸ்வீடனுக்கு ஃபின்லாந்து, ஜப்பானுக்குத் தாய்லாந்து. "வரலாற்றில் இந்த இரண்டு நாட்டுக்கும் என்ன உறவு" என்று சண்டை பிடிப்பவர்கள் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். எந்த நாட்டிடம் எந்த உயரத்தில் காலியிடம் இருக்கிறது, அதை நிரப்பக்கூடிய வண்டி யாரிடம் இருக்கிறது, அந்த வண்டி யாருக்கும் இன்னும் சொந்தமாகவில்லையா, இந்த மூன்றையும் கேட்டால் போதும்.

சரி, எல்லோரும் எப்போதும் கேட்கும் டி-14 அர்மாட்டாவுக்கு வருவோம். 2015 மே 9 மாஸ்கோ அணிவகுப்பில் தலைகாட்டியதிலிருந்து "அடுத்த அப்டேட்டில் அர்மாட்டா" என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். என்னோடு ஸ்குவாடில் ஆடும் நண்பர் ஒருவர் இதில் மகா நம்பிக்கைக்காரர்.

"மச்சான், இந்தத் தடவை கண்டிப்பா வருது பாரு."

"எதை வச்சுடா சொல்ற?"

"டி-90எம் வந்தாச்சு. ரஷ்யாவுக்கு அதுக்கு மேல வேற என்ன இருக்கு?"

இது ஓட்டையைப் பார்க்கும் வாதம்தான், அதனால் முழுசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அர்மாட்டாவை விளையாட்டுக்குள் வைத்து ஒரு சண்டையை மனதில் ஓட்டிப் பாருங்கள். வார் தண்டரில் டாங்கிக்கு மொத்தமாக ஓர் உயிர் அளவுகோல் கிடையாது. குண்டு உள்ளே புகுந்து சிதறினால், அந்தச் சிதறல்கள் போகும் பாதையில் ஓட்டுநர், சுடுநர், தளபதி, குண்டு நிரப்புபவர் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். ஒரே ஒருவர் மட்டும் மிஞ்சினால் டாங்கி அவுட். அதனால் அனுபவசாலிகள் கண்ணை மூடிக்கொண்டு டரெட்டின், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டின், கன்னத்தில் அடிப்பார்கள், அங்கேதான் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அர்மாட்டாவில் டரெட்டுக்குள் ஆளே இல்லை. மூன்று பேரும் உடலின் முன்பகுதியில், தனிக் கவசக் கூட்டுக்குள், வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். குன்றின் பின்னால் ஒளிந்து டரெட்டை மட்டும் வெளியே காட்டும் அர்மாட்டாவை நீங்கள் எத்தனை அடித்தாலும் பீரங்கி பழுதாகும், ஆள் சாக மாட்டான். பழுதுபார்த்துக்கொண்டு திரும்பவும் எட்டிப் பார்ப்பான். ஜெர்மனியின் பூமா கவச வண்டியிடம் அடி வாங்கியவர்களுக்கு இது புரியும், அதன் டரெட்டும் ஆளில்லாததுதான். பூமாவிடம் இருப்பது 30 மி.மீ. பீரங்கியும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும். அதே வித்தையை 125 மி.மீ. பீரங்கியோடு செய்தால் என்ன ஆகும்?

அடுத்தது ஆதாரம். அந்தக் கவசக் கூட்டின் முன்பக்கம் எத்தனை மில்லிமீட்டருக்குச் சமம் என்று வெளியே யாருக்கும் தெரியாது. விளையாட்டுக்கு ஓர் எண் வேண்டும், "நல்ல தடிமன்" என்று எழுதிவிட்டுப் போக முடியாது. ஆக, அர்மாட்டா வந்தால் தனியாக வராது. 2022-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட கேஎஃப்51, அதே வருடம் வந்த ஆப்ராம்ஸ்எக்ஸ் போன்ற புது டாங்கிகள் கூட வரும்போதுதான் அதற்கும் கதவு திறக்கும். அவையும் மாதிரி வண்டிகள்தான். அதுவரை நண்பர் காத்திருக்கட்டும். டி-80 வகைகளே பத்துப் பதினைந்து வருடம் தீனி போடும்.

ஆதாரம் என்று சொன்னதும் எனக்கு எழுதக் கை துறுதுறுக்கிறது, ஏனென்றால் எங்கள் கூட்டத்தின் உச்சக்கட்டப் பைத்தியம் அங்கேதான். கவசத்தையும் குண்டையும் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டுமென்றால், கையேடு போன்ற முதல்நிலை ஆவணம் ஒன்று வேண்டும், இல்லையென்றால் ஒன்றையொன்று சாராத இரண்டு நூல்களாவது வேண்டும். அம்பு போல நீண்ட உலோகக் கம்பியால் கவசத்தைத் துளைக்கும் நவீன அம்புக் குண்டுகளுக்கு மட்டும் ஆவணச் சண்டையைக் குறைக்க ஒரு சமன்பாட்டைக் கொண்டுவந்தார்கள். லான்ட்ஸ்-ஓடர்மாட் சமன்பாடு. அம்பின் நீளம், விட்டம், உலோகத்தின் அடர்த்தி, மோதும் வேகம் ஆகியவற்றைப் போட்டால் எவ்வளவு எஃகைத் துளைக்கும் என்று சொல்லிவிடும். எல்லா நாட்டுக்கும் ஒரே தராசு. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் வெடிகவசத்தை (குண்டு பட்டதும் தானே வெடித்துத் தடுக்கும் கவசத்தை) ஏமாற்றுவதற்காகவே முனையைத் தனியாக வடிவமைத்த குண்டுகளின் சாமர்த்தியம் இந்த எண்ணில் விழாது. "அந்தப் புதுக் குண்டைக் கொடுங்கள்" என்று ஆப்ராம்ஸ்காரர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் பேச்சு முட்டிக்கொள்கிறது.

ஆப்ராம்ஸின் உடல்முன்பகுதியில் யுரேனியத் தகடு உண்டா இல்லையா என்ற சண்டை இன்னொரு ரகம். டரெட்டில் உண்டு என்பதில் தகராறு இல்லை. உடலில்? இதற்காக ஆட்கள் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிம ஆவணங்களைத் தோண்டி எடுத்துப் படித்தார்கள். கதிரியக்கப் பொருள் என்பதால் ராணுவமும் உரிமம் வாங்கத்தானே வேண்டும், அதில் எத்தனை வண்டிகளின் உடலுக்கு அனுமதி என்று எழுதியிருக்கும் அல்லவா! ஒரு வரிக்கு இரண்டு தரப்பும் இரண்டு பொருள் சொன்னார்கள். வேலை நேரத்தில் ஓர் அரசு ஆவணத்தை இவ்வளவு ஊன்றிப் படிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

இந்த வேகம் எல்லை தாண்டியதும் உண்டு. 2021 ஜூலையில் சேலஞ்சர் 2-இன் டரெட் முன்பகுதி தப்பாக இருக்கிறது என்று நிரூபிக்க ஒருவர் ராணுவக் கையேட்டின் பக்கங்களையே பொதுவில் போட்டுவிட்டார். அதே வருடம் பிரான்ஸின் லெக்ளெர் பற்றிய பக்கங்கள். 2022-இல் சீன டாங்கிக் குண்டு ஒன்றின் விவரம், குண்டின் படத்தோடு. 2023 தொடக்கத்தில் அமெரிக்கப் போர்விமான ஆவணங்கள். ஒவ்வொரு தடவையும் அதை நீக்கிவிட்டு, ரகசிய ஆவணத்தை ஆதாரமாக எடுக்க மாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்வதற்கும் ஒன்றுமில்லை. டரெட்டின் ஓர் ஓரம் சில மில்லிமீட்டர் தடிமனாக வேண்டும் என்பதற்காக வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைப்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் படுகிறது. அதைவிட வேடிக்கை, அப்படி வெளியான தகவல் விளையாட்டுக்கு முற்றிலும் பயன்படாது. பொதுவில் உள்ள ஒரு பழைய நூலின் ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு அதற்குக் கிடையாது.

உச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அது எங்கள் கூட்டத்தின் பொதுவான வியாதி. கீழ்த்தட்டில் என்ன வரும் என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை. எனக்கென்னவோ அங்கே வருபவைதான் அதிக சந்தோஷம் கொடுத்திருக்கின்றன. பிரான்ஸின் எஃப்சிஎம் 2சி நினைவிருக்கிறதா? முதல் உலகப்போர்க் காலத்தில் திட்டமிட்டு, போர் முடிந்த பிறகு பத்தே பத்து செய்யப்பட்ட 69 டன் பூதம். உள்ளே பன்னிரண்டு பேர். அது ஊர்ந்து வருவதைத் தூரத்தில் பார்க்கும்போதே சிரிப்பு வந்துவிடும். பக்கவாட்டில் நாலு குண்டு போட்டாலும், இத்தனை ஆட்களில் யாராவது இருவர் மிஞ்சி, திரும்பச் சுடுவார்கள். அதைக் கேட்டுப் பல வருடம் விண்ணப்பம் எழுதிய ஆட்கள் உண்டு, கடைசியில் கிடைத்தது. அங்கே எதிரிக் கணக்கு அவ்வளவாகக் கறாரில்லை, ஏனென்றால் கீழ்த்தட்டில் எல்லோரையும் எல்லோராலும் எப்படியாவது சாகடிக்க முடியும். அதனால்தான் விநோதங்களுக்கு அங்கே இடமிருக்கிறது.

ஏப்ரல் முதல் தேதி வேடிக்கைகளையும் நான் விடாமல் கவனிப்பேன். 2018-இல் நீர்மூழ்கிக் கப்பல்களை இறக்கினார்கள், சில நாள் ஆடிவிட்டு எடுத்துவிட்டார்கள். எல்லோரும் அது வெறும் கேலி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சோனார், ஆழம், சத்தம் என்று ஒரு முழு அமைப்பையே எழுதி முடித்திருந்தார்கள். இவ்வளவு வேலை செய்துவிட்டு அதைக் குப்பையில் போடுவார்களா என்று நீர்மூழ்கிப் பிரியர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். எதிரிக் கணக்கில் பார்த்தால், நீர்மூழ்கியைத் தேடி அடிக்கும் கப்பலை ஓட்டுவது யாருக்கும் பிடிக்காத வேலை. அரைமணி நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார எத்தனை பேர் தயார்?

இப்போது ராப்டர். எஃப்-22 முதன்முதலாகப் பறந்தது 1997-இல். கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆன விமானம், இன்னும் "எதிர்கால விமானம்" மாதிரியே பேசுகிறோம். ரேடாரில் தெரியாத விமானத்தை இந்த விளையாட்டில் எப்படி வைப்பார்கள் என்பதற்கு ஒரு துப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2024-இல் எஃப்-117 வந்தது. அதனிடம் ரேடார் இல்லை, பீரங்கி இல்லை, லேசர் வழிகாட்டும் குண்டுகள் மட்டும் உண்டு. ரேடாரில் அதைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் கண்ணால் பார்த்துவிட்டால் அது ஓட முடியாத வாத்து. புது வித்தை ஒன்றைக் கடிக்கத் தெரியாத பிராணியிடம் முதலில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வித்தை ஆட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிட்டதால், அடுத்த கட்டத்துக்கு அடித்தளம் இருக்கிறது.

எனவே ராப்டர் வரும் என்பதுதான் என் கணிப்பு. 2010-இல் பறந்த சுகோய்-57, 2011-இல் பறந்த சீன ஜே-20 ஆகியவற்றில் ஒன்றாவது அதே அப்டேட்டில் இருக்கும். இரண்டும் சேர்ந்தே வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் சீன வரிசையை வெறுங்கையோடு விட்டுவிட்டு இந்தப் படியை ஏற முடியாது. ஐரோப்பிய நாடுகளுக்கு எஃப்-35 என்று ஒரு சுலபமான வழி இருக்கிறது, ஆனால் அதைக் கொடுத்தால் பாதி நாடுகள் ஒரே விமானத்தை வெவ்வேறு வர்ணத்தில் ஓட்டும், அது பார்க்கச் சலிப்பு. அதற்கு முன்னால் தரையில் நிற்கும் விமான எதிர்ப்பு வண்டிக்காரர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். ரேடாரில் தெரியாத விமானத்துக்குக் கீழே டாங்கி ஓட்டுகிறவர்களின் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஊகம் செய்கிறவர்கள் எல்லோரும் தங்களை விமானத்துக்குள் வைத்துத்தான் கற்பனை செய்கிறார்கள். அகச்சிவப்புக் கண்ணால் தேடும், ரேடாரை நம்பாத எதிர்ப்பு வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கினால், அன்றைக்கு நான் ஆராய்ச்சிப் புள்ளிகளைச் சேமிக்க ஆரம்பிப்பேன். நண்பரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம், முதல்ல அர்மாட்டா" என்கிறார்.